எழுதாமல் கழிந்த பதினொரு வாரங்களும் பழுது பார்த்த ஐந்து வாரங்களும்

வலசை போகும் பறவைகளைப் பற்றி 4,000 சொற்களில் ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஒரு பத்திரிகைக்கு ஒப்புக்கொண்டேன். அதற்கான நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்து, கணினியில் கோப்பைத் திறந்து தலைப்பும் இட்ட பிறகு, 11 வாரங்கள் அதில் ஒரு பத்திக்கு மேல் எழுதவில்லை. இரண்டு முறை தவணை கேட்டு வாங்கினேன். அந்த வாரங்களில் நான் சும்மா இருக்கவும் இல்லை. புத்தக அலமாரியை இறக்கி மீண்டும் அடுக்கினேன், பழைய கோப்புகளுக்கெல்லாம் தேதியிட்டுப் பெயர் மாற்றினேன், யாரும் கேட்காத இரண்டு சிறு கட்டுரைகளைக்கூட எழுதி முடித்தேன். எழுத வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது. பன்னிரண்டாம் வாரம் தொடங்கியபோது, இனி என்னை நானே கடிந்துகொள்வதில் பயனில்லை என்று தோன்றியது. ஓடாமல் நின்றுவிட்ட கடிகாரத்தைக் கையில் எடுப்பவர் அதைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை; பின்மூடியைத் திறந்து எந்தச் சக்கரம் சிக்கியிருக்கிறது என்று பார்க்கிறார். அப்படிப் பார்க்க எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. பார்த்ததையும் மாற்றியதையும், மாற்றிப் பலிக்காமல் போனதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதல் வாரத்துக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: எந்த வைத்தியமும் செய்யக் கூடாது, குறித்துக்கொள்ள மட்டும் வேண்டும். ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள் போட்டுக்கொண்டேன். மணி, செய்ய எண்ணியது, உண்மையில் செய்தது, கட்டுரையை விட்டு நகர்ந்த அந்த நொடியில் மனத்தில் இருந்தது. நான்காவது கட்டத்தை நிரப்புவதுதான் கடினமாக இருந்தது. ஆனால் பழுது எங்கே என்று காட்டிக் கொடுத்ததும் அதுதான். மூன்றாம் நாள் பக்கத்திலிருந்து ஒரு பதிவை அப்படியே தருகிறேன்.

"காலை 6:10. மேசைக்கு வந்தேன். கோப்பைத் திறக்கவில்லை. 6:13. விசைப்பலகையில் ஓர் எழுத்தின் ஓரத்தில் தூசி தெரிந்தது. 6:14. பஞ்சு எடுத்து வந்தேன். 6:51. எல்லா விசைகளும் சுத்தமாகிவிட்டன. மனத்தில் இருந்தது: பறவைகளை உண்மையிலேயே அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள்."

அந்தக் கடைசி வரியை எழுதிய பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூசியை நான் தேடிப் போகவில்லை. அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஆனால் அது கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால் ஒரு பயம் வந்து போயிருக்கிறது. எழுதி வைத்திராவிட்டால் அந்தப் பயம் வந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. தூசி மட்டும் நினைவில் நின்றிருக்கும்.

ஏழு நாள் முடிவில் 38 பதிவுகள் சேர்ந்திருந்தன. அவற்றில் 19 கோப்பைத் திறப்பதற்கு முன்பு நிகழ்ந்தவை, 11 முதல் பத்தியைத் திரும்பப் படித்த உடனே நிகழ்ந்தவை, 8 ஏதோ ஒரு தகவலைச் சரிபார்க்கப் போய் வழிதவறியவை. இந்த 38இல் உடல் அயர்ச்சி என்று குறித்த பதிவுகள் மூன்றுதான். இந்தக் கணக்கு எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது. நான் சோம்பேறி என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பலாக இருந்தால் அது எங்கும் பரவியிருக்க வேண்டும். இதுவோ மூன்று இடங்களில் மட்டும் சிக்குகிறது, மற்ற இடங்களில் ஓடுகிறது.

சோம்பலுக்கும் தள்ளிப்போடுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதும் அல்ல. மனிதனைக் கெடுப்பவற்றைத் திருக்குறளின் 605ஆவது குறள் "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்" என்று தனித்தனியாக எண்ணிச் சொல்கிறது. நெடுநீர் என்பது செய்ய வேண்டியதை நீட்டித்துக்கொண்டே போவது. மடி என்பது சோம்பல். இரண்டும் ஒன்றானால் நான்கு என்ற கணக்கு வராது. இலத்தீன் மொழியிலும் தள்ளிப்போடுவதற்கான சொல், நாளை என்ற பொருள்படும் "கிராஸ்" என்பதிலிருந்து பிறந்தது: ஒன்றை நாளைக்கு உரியதாக்கிவிடுவது என்று பொருள். சோம்பலுக்கும் நாளைக்கும் எந்த உறவும் இல்லை. தள்ளிப்போடுகிறவர் நாளை நிச்சயம் செய்வோம் என்று முழு மனத்தோடு நம்புகிறார். நானும் அப்படித்தான் 11 வாரங்கள் நம்பினேன்.

உளவியல் அறிஞர்களான ஃபூஷியா சிரோயும் டிமொதி பிச்சிலும் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையில், தள்ளிப்போடுவதை நேரத்தைக் கையாளத் தெரியாத குறையாகப் பார்க்காமல், அந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியாகப் பார்க்கிறார்கள். வேலை ஓர் அசௌகரியத்தைத் தருகிறது. விலகினால் உடனே மனம் லேசாகிறது. அந்த லேசுக்கான விலையை நாளைய நம் தலையில் கட்டிவிடுகிறோம். என் நான்காவது கட்டத்தில் இருந்தவையெல்லாம் இதற்குப் பொருந்தின. ஆகவே நேர அட்டவணை போடுவதை விட்டுவிட்டு, அசௌகரியம் பிறக்கும் மூன்று இடங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்கத் தீர்மானித்தேன்.

முதலில் கோப்பைத் திறப்பதற்கு முந்தைய இடம். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை மணி ஒன்றை வைத்துக்கொண்டு உருவாக்கிய முறை பலருக்கும் தெரிந்தது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இரண்டாம் வாரத்தில் அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள், ஒரு வாக்கியம் தானாக வந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. விதியை மதித்து எழுந்தேன். 5 நிமிட ஓய்வு 70 நிமிடமாக நீண்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது முதலிலிருந்து தொடங்குவதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்ததோ அவ்வளவும் மறுபடி வேண்டியிருந்தது. என் பழுது தொடங்குவதில் இருக்கிறது என்றால், ஒரு காலைப்பொழுதில் நான்கு முறை தொடங்கச் செய்யும் ஒரு முறை எனக்கு எப்படி உதவும்? அதன் பிறகு மணியைத் தொடங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். 25 நிமிடத்தை 10 ஆகக் குறைத்தேன். 10 நிமிடம் முடிந்தால் எழுந்து போகலாம் என்ற உரிமை உண்டு. போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த உரிமையைப் பிறகு வந்த நாட்களில் நான் இரண்டு முறைதான் பயன்படுத்தியிருக்கிறேன்.

சொற்கணக்கையும் சோதித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப், அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே, விடியற்காலையில் கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதியவர். அதே எண்ணிக்கையை நானும் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட எட்ட முடியவில்லை. இதற்கு என் வேகக் குறைவு மட்டுமே காரணம் அல்ல என்பது எழுதியதை எண்ணிப் பார்த்தபோது புரிந்தது. "திரும்பாதவற்றுக்கும்" என்று நாம் ஒரே சொல்லில் எழுதிவிடுவதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். வேற்றுமையும் எதிர்மறையும் உம்மையும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் மொழியில், இன்னொரு மொழியின் சொற்கணக்கை இலக்காக வைத்தால் ஒவ்வொரு நாளும் தோற்றதாகவே படும். தமிழில் எழுதுகிறவர்கள் தங்கள் அளவைத் தாங்களே அளந்து கண்டுகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வாரம் அளந்ததில், கால் மணிக்கு 60 சொற்கள் என்பதுதான் என் இயல்பான நடை என்று தெரிந்தது.

இந்தப் பழுதுபார்ப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது பாதி வாக்கியம். அது இரண்டு யோசனைகள் சேர்ந்து உருவானது. ஒன்று, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக விளக்கிய திட்டமிடும் முறை. இன்னது செய்வேன் என்ற பொதுவான உறுதிமொழியைவிட, இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இது நடந்ததும் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது செயலில் இறங்க நன்றாக உதவுகிறது என்பது அதன் சாரம். மற்றொன்று, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற, அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் பழக்கம். "காலையில் எழுதுவேன்" என்று நான் முதலில் நோட்டில் எழுதிய வரி எதையும் செய்யவில்லை. "பல் துலக்கிவிட்டு அறைக்குள் வந்ததும் நாற்காலியில் அமர்ந்து நேற்றைய பாதி வாக்கியத்தை முடிப்பேன்" என்று மாற்றி எழுதிய மறுநாள், 6:05க்கு மேசைக்கு வந்தேன். 6:06க்கு விரல்கள் விசையில் இருந்தன.

அன்று எனக்காகக் காத்திருந்த பாதி வாக்கியம் இது: "வடக்கே திரும்பும் ஆர்க்டிக் ஆலா அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் நேர்கோட்டில் பறப்பதில்லை; அது காற்றின் போக்கைப் பார்த்து" என்பதோடு முந்தைய நாள் நிறுத்தியிருந்தேன். என்ன வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கிரீன்லாந்தில் கூடு கட்டும் ஆலா என்னும் இந்தக் கடற்பறவைகளின் காலில் 1.4 கிராம் எடையுள்ள சிறு பதிவுக்கருவியைப் பொருத்தி ஆராய்ந்து, 2010இல் வெளியிட்ட முடிவுகளில் அவற்றின் திரும்பும் பாதை தெளிவாக இருக்கிறது. "மாபெரும் எஸ் வடிவத்தில் வளைந்து வளைந்து வருகிறது" என்று முடித்தேன். முடித்ததும், அப்படி வளைந்து பறப்பதால் தூரம் கூடினாலும் உழைப்பு ஏன் குறைகிறது என்ற கேள்வி தானே எழுந்தது. அதற்கு விடையாக அடுத்த பத்தி வந்தது. பயப்படுவதற்கு அங்கே இடைவெளியே இல்லை. வெற்றுப் பக்கம் என்னிடம் ஏதோ ஒன்றைத் தொடங்கச் சொல்கிறது. பாதி வாக்கியமோ தன்னை முடித்துவைக்கும்படி மட்டுமே கேட்கிறது.

இதிலும் ஒரு நாள் சறுக்கினேன். களைப்பாக இருந்ததால், எப்படி முடிப்பது என்று எனக்கே தெரியாத இடத்தில் வாக்கியத்தை விட்டுவிட்டு எழுந்தேன். மறுநாள் காலை அது வெற்றுப் பக்கத்தைவிட மோசமாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் அதன் முன்னால் அமர்ந்திருந்து, கடைசியில் வாக்கியத்தையே அழித்தேன். ஆகவே பாதியில் விடும்போது, வரவேண்டிய மீதி மனத்தில் முழுமையாக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் அந்த மீதியின் ஒரே ஒரு சொல்லை நோட்டின் ஓரத்தில் குறித்துவிட்டு எழுகிறேன்.

இரண்டாவது சிக்கல் முதல் பத்தி. 11 வாரங்களில் அதற்கு 11 வடிவங்கள் எழுதியிருந்தேன். ஒவ்வொரு நாளும் கோப்பைத் திறந்தவுடன் கண் முதலில் படுவது அதன் மேல்தான். படித்தவுடன் ஒரு சொல் உறுத்தும். அதை மாற்றினால் அடுத்த வரி சாயும். திருத்துகிறோம் என்ற திருப்தியும் இருக்கும், கட்டுரையும் நகராது. இதற்கான தீர்வுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை: முதல் பத்தியை வெட்டி வேறொரு கோப்பில் வைத்து, அதை வேறொரு கோப்புறைக்குள் போட்டேன். கட்டுரையை மூன்றாவது பகுதியிலிருந்து, ஆலாவின் பயணத்திலிருந்து தொடங்கினேன். தொடக்கம் எழுதாமல் நடுவை எழுதுவது அடித்தளம் இல்லாமல் கூரை போடுவது போலாகுமோ என்று முன்பெல்லாம் எண்ணியிருந்தேன். கட்டுரை என்பது கட்டடம் அல்ல. எழுதுகிற வரிசையில் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை.

மூன்றாவது சிக்கல், தகவல் தேடிப் போவது. இதற்கு ஓர் உதாரணம் போதும். ஆர்க்டிக் ஆலாவின் எடை என்ன என்று ஒரே ஓர் எண் தேவைப்பட்டது. ஏறத்தாழ 100 கிராம் என்பது தேடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. நான் திரும்பி வந்தது 1 மணி 40 நிமிடம் கழித்து. இடையில் இறகு உதிர்வதைப் பற்றியும் முட்டைகளின் நிறத்தைப் பற்றியும் நிறையப் படித்திருந்தேன். எதுவும் கட்டுரைக்குத் தேவைப்படவில்லை. மற்ற இரண்டைவிட இதை இனம் காண்பது கடினம், ஏனென்றால் படிப்பதும் எழுத்து வேலைதான் என்று மனம் வாதாடும், அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. நான் கடைப்பிடித்த வழி இது: எழுதும்போது தெரியாத தகவல் குறுக்கிட்டால் அந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் "பார்" என்று மட்டும் இட்டுவிட்டு மேலே போவது, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சரிபார்ப்பது. கட்டுரை முடிந்தபோது இப்படி 46 இடங்கள் இருந்தன. அவற்றில் 9 இடங்களுக்குத் தேடவே தேவைப்படவில்லை, அந்த வாக்கியங்களே திருத்தத்தில் போய்விட்டன.

கைபேசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன், அது உதவியது. ஆனால் 11 வாரத் தாமதத்துக்கு அது காரணம் இல்லை. கைபேசி இல்லாத நாட்களில் பஞ்சும் தூசியும் இருந்தன.

நான்காம் வாரத்தில் பெரிய சறுக்கல் ஒன்று நேர்ந்தது. இரண்டு நாள் வெளிவேலை, அதைத் தொடர்ந்து இரண்டு நாள் காரணமே இல்லாமல், ஆக நான்கு நாட்கள் எழுதவில்லை. ஐந்தாம் நாள் நோட்டைத் திறக்கவே கூசியது. முன்பானால் இந்தக் கூச்சமே இன்னும் இரண்டு வாரங்களைத் தின்றிருக்கும். உளவியலாளர் மைக்கேல் வோலும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன்பு குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்பது அதன் முடிவு. கண்டிப்பாக இருந்தால்தான் திருந்துவோம் என்ற நம்பிக்கையில் வளர்ந்த எனக்கு இதை ஏற்கச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. ஆயினும் நோட்டில் "நான்கு நாட்கள் எழுதவில்லை. போகட்டும். பாதி வாக்கியம் அங்கேயே இருக்கிறது" என்று எழுதிவிட்டு, கோப்பைத் திறந்தேன். வாக்கியம் அங்கேயே இருந்தது.

அன்று மாலை பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். தவணை கேட்கும் குரல் எனக்குத் தயாராக இருந்தது. ஆனால் இந்த முறை உள்ளதைச் சொன்னேன். 1,300 சொற்கள் ஆகியிருக்கின்றன, தொடக்கமே எழுதவில்லை, நடுநடுவே "பார்" என்ற குறிகள் கிடக்கின்றன என்றேன். "முழுமையாக முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருப்பதை இருக்கிறபடியே அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் அவர். குறிகளோடும் ஓட்டைகளோடும் எழுத்தை இன்னொருவர் கண்ணில் காட்டுவது எனக்கு அதுவே முதல் முறை. மறுநாள் அவர் அனுப்பிய பதிலில் இரண்டே குறிப்புகள் இருந்தன: கருவியின் எடையை ஆலாவின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள், காற்றைப் பற்றிய பத்தி நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் எழுதுங்கள். பறவைகளை அறிந்தவர்கள் படிப்பார்களே என்று தூசி துடைத்த நாளில் எனக்கிருந்த பயம், படிக்கும் ஒருவர் உண்மையாகவே வந்து சேர்ந்தபோது கரைந்துபோனது. கற்பனையில் இருந்த வாசகர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்; இவரோ எங்கே இன்னும் வேண்டும் என்று சொன்னார். முன்பே இதைச் செய்திருந்தால் 11 வாரங்களில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் வாரத்தின் கடைசி நாள், எல்லாப் பகுதிகளும் முடிந்து "பார்" குறிகள் ஒவ்வொன்றாக நீங்கிய பிறகு, ஒதுக்கி வைத்திருந்த முதல் பத்தியின் 11 வடிவங்களையும் திறந்து படித்தேன். எதுவும் பொருந்தவில்லை. அவையெல்லாம் எழுதப்படாத ஒரு கட்டுரைக்காக எழுதப்பட்டவை. இப்போது என் முன்னால் இருந்த கட்டுரை வேறு. அவற்றிலிருந்து ஒரு சொற்றொடரை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக மூன்று வாக்கியங்கள் எழுதினேன். 25 நிமிடம் ஆனது. மொத்தம் 4,150 சொற்கள். அனுப்பினேன்.

இந்த முறை எல்லாத் தாமதங்களுக்கும் பொருந்தவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பதில் எழுத வேண்டிய கடிதங்கள் இன்னும் என்னிடம் தேங்குகின்றன. கட்டுரை பல நாள் நீள்வது, அதனால் இன்றைக்கும் நாளைக்கும் நடுவே பாதி வாக்கியத்தைப் பாலமாகப் போட முடிகிறது. கடிதம் ஒரே அமர்வில் முடிந்துவிடுவது. அதில் பாதியில் விட இடமில்லை. நோட்டில் அதற்கெனத் தனிப் பக்கம் தொடங்கி, நான்காவது கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 9 பதிவுகள். அவற்றில் 7இல் "இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு என்ன சமாதானம் சொல்வது" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. சமாதானத்தை விட்டுவிட்டுப் பதிலிலிருந்தே கடிதத்தைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நாளைக் காலை 6:05க்குச் சோதிக்கிறேன். முதல் கடிதத்தின் முதல் பாதி வரியை எழுதி மேசையில் வைத்துவிட்டேன்.